முயல் வேறு, மாமா வேறு

முயல் வளர்ப்பது பெரிய வேலை இல்லை, சேர். கொஞ்சம் கங்குன் கீரை, ஒரு சிரட்டையில் தண்ணீர், ஈரமில்லாத தரை, அவ்வளவுதான். சாய்ந்தமருதில் எங்கள் கிணற்றடியில் ஆறு வைத்திருந்தேன்.

எனக்கு என் மீதே நம்பிக்கை குறைவு. கதவைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். சோதனை என்பது எனக்குப் பிடித்ததும் அதனால்தான். கல்முனையில் மருந்தாளர் உதவியாளருக்கான மாலை வகுப்பில் அதற்காகத்தான் வாதாடினேன். உம்மாவின் கூடப்பிறந்த காக்கா மீராசாஹிபு மாமா தினமும் வயிற்றில் குத்திக்கொள்ளும் இன்சுலினை முதலில் நாய்களில்தான் சோதித்துப் பார்த்தார்கள். விலங்குகள் சாகாவிட்டால் அந்த இடத்தில் மனிதர்கள் சாவார்கள். இதை மறுப்பவர்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது.

மறுத்தவள் ஆகிலா. எனக்கு முன் வரிசையில் இருப்பவள். சீனி வருத்தத்துக்கு ஒரு வேர்க் கஷாயம் காய்ச்சி முயல்களில் பார்க்கப்போகிறேன் என்று நான் சொன்னதும் திரும்பினாள்.

“முயலுக்கு ஒத்துக்கிட்டா ஒங்கட மாமாக்கும் ஒத்துக்குமா பர்ஸான்? மாமாட காதும் நீளமா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு நிற்கவில்லை.

மூன்று முயல்களுக்குக் கஷாயம் கொடுத்தேன். தலை சாய்ந்து, கால்கள் வெட்டி இழுத்து, மூன்றும் செத்தன. கொடுக்காத மூன்றும் கீரை தின்றுகொண்டிருந்தன. முறையான சோதனை, முறையான பதில். படித்தபடி நடந்திருந்தால் மிச்ச வேரைக் கிணற்றடியிலேயே புதைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஆகிலா சொன்னது சரியாக இருந்தால்? முயல் வேறு, மனிதன் வேறு என்றால் அந்தச் சாவுகள் எதையும் சொல்லவில்லைதானே.

மாமாவின் வலது காலில் ஆறாத புண். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

“கால வெட்ட உடமாட்டன், மருமகன். ஒங்கிட்ட என்னமாச்சும் இருந்தாத் தா.” கோப்பையை ஒரே மூச்சில் குடித்து முகத்தைச் சுளித்தார். “மாமிட வாயவிடக் கசக்கிது.”

“கேக்கிது, கேக்கிது” என்றார் மாமி அடுப்படியிலிருந்து.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்கு மாமி எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. சீனி வருத்தக்காரர் என்பதால் யாரும் எதையும் கேட்கவில்லை. ளுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்தார்கள். முயல்களைப் போல அறுத்துப் பார்க்க வழியில்லை. அதனால் ஜனாஸாவைக் குளிப்பாட்ட நானே முன்வந்தேன். தண்ணீர் ஊற்றும்போது நகங்களைப் பார்த்தேன். வாயைத் துடைக்கும்போது நாக்கைப் பார்த்தேன். பல் பதிந்திருந்தது, முயல்களுக்குப் பதிந்திருந்தது போலவே. நல்ல மருமகன் என்று வந்தவர்கள் தோளைத் தடவினார்கள்.

அடுத்த வகுப்பில் ஆகிலாவிடம் சொன்னேன். “நீங்க கேட்டதுக்கு விடை கிடைச்சிட்டு. ரெண்டுக்கும் ஒண்டுதான்.”

அவள் சிரிக்கவில்லை. பொலிஸுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்கும்.

மருந்தென்று நினைத்துத்தான் கொடுத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை, சேர். அப்படி நினைத்திருந்தால் பயந்து அளவைக் குறைத்திருப்பேன். முயலின் எடைக்குக் கொடுத்ததையே மாமாவின் எடைக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். குறைத்தால் ஒப்பிட முடியாது.

அந்த முயல்கள் உண்மையைத்தான் சொல்லின என்பதை இனி ஆகிலாவும் மறுக்கமாட்டாள்.