கூரைக்குத் தூக்கிய கை

நாற்காலி கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. "அடுத்த தவணைக்குக் கமிட்டியில ஒங்க எடத்த எனக்குக் குடுங்க மாமா" என்று கேட்டேன். அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வீரமுத்து மாமா முன்பே சொல்லி வைத்திருந்தார். அம்மாவும்தான். பெம்பான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து படித்துப் பட்டம் வாங்கிய முதல் பெண் நான். எதையெல்லாம் கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இருந்தும் கேட்டேன்.

டாக்சிகளுக்கும் கைப்பேசியில் கூப்பிடும் ஆப் கார்களுக்கும் புது விதி போடுவதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவர்களைக் கேட்க வேண்டும் என்று நகரத்தில் ஓர் ஆலோசனைக் குழு இருக்கிறது. ஹோட்டல்காரர்கள் சார்பில் ஒருவர், ஆப் கார் ஓட்டுநர்கள் சார்பில் ஒருவர், பயணிகள் சார்பில் ஒருவர், டாக்சிக்காரர்கள் சார்பில் அவர்கள் சங்கத் தலைவர் வீரமுத்து மாமா. அவர் எனக்குச் சொந்தம் இல்லை. தோட்டத்தில் அப்பாவோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர். நான் பல்கலைக்கழகம் போன அன்று தன் டாக்சியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹாஸ்டல் வாசல்வரை வந்தவர். அதன் பிறகு வண்டியில் ஏறியவர்களிடமெல்லாம் என்னைப் பற்றித்தான் பேசினாராம். நல்ல மனிதர். அதை நான் மறுக்கவில்லை.

குழுவின் காகிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வரும். மாமாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் வராது. அதனால் நான் அவருக்குப் பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். போகும் வழியிலேயே காரில் படித்துச் சொல்லிவிடுவேன். கூட்டத்தில் குழுத் தலைவர் தீர்மானத்தின் எண்ணை மட்டும் சொல்லி, சம்மதமா என்று கேட்பார். மாமா திரும்பி என்னைப் பார்ப்பார். நான் ஃபைலை மூடினால் கை தூக்குவார். திறந்தே வைத்திருந்தால் தூக்க மாட்டார். எங்கள் வேலைமுறை அவ்வளவுதான். யாரும் அதில் குறை கண்டதில்லை.

நாற்காலியை நான் கேட்டது மாரியம்மன் கோயில் மண்டபத்தில், சங்கத்து ஆட்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது. மாமா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா ஷாந்தினி, ஒனக்கு ரிவர்ஸ் எடுக்கவே ஒழுங்கா வராது. கமிட்டிய ஓட்டப் போறியா?"

"குடுங்க தலைவரே, நீங்க பின்னால ஒக்காந்து ஃபைல் புடிங்க லா" என்றான் சங்கத்து இளவட்டம் நிவேந்திரன்.

"பேப்பர நீ படிம்மா. சீட்டுல மாமா ஒக்காந்துக்கிறேன்" என்று என் தலையைத் தட்டினார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் அசிங்கமாகிவிடும்.

அடுத்த கூட்டத்தில் ஏழாவது தீர்மானம் வந்தது. குழுத் தலைவர் எண்ணைச் சொன்னார். மாமா திரும்பினார். நான் ஃபைலை மூடினேன். அவர் கை தூக்கினார்.

ஹோட்டல்காரர் மலாயில், "அங்கிள், நிச்சயமாவா?" என்று கேட்டார். மாமா பெருமையாக, "செத்துஜு லா" என்றார். சம்மதமாம்.

பேருந்து நிலையத்தின் முன்வாசலில் இருக்கும் டாக்சி நிறுத்தத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தை ஆப் கார்களுக்குக் கொடுப்பதுதான் ஏழாவது தீர்மானம். டாக்சிகள் இனிப் பின்சந்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அங்கே எந்தப் பயணியும் வர மாட்டான். டாக்சிக்காரர்களின் பிரதிநிதியே ஒப்புக்கொண்டதால் மற்றவர்களுக்கு எதிர்க்கக் காரணம் இல்லை. அன்றே நிறைவேறியது.

கூட்டத்துக்குப் போகும் வழியில் காரில், அது நிறுத்தத்துக்குக் கூரை போடுவதைப் பற்றியது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். மழையில் நனைந்து நனைந்து ஒரு கூரைக்காக அவர்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது "அடிச்சிட்டோம்மா" என்று மாமா ஸ்டியரிங்கைத் தட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

விஷயம் வெளியானதும் அவர் ஆப் கம்பெனியிடம் விலைபோய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். "கூரைன்னு நெனச்சிட்டேன்பா" என்று மட்டும் சொன்னார். யாரும் நம்பவில்லை. யார் அப்படிச் சொன்னது என்று கேட்டதற்கு, தன் காதுதான் சரியில்லை என்றாராம். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. நான் எடுக்கச் சொல்லவும் இல்லை, எடுக்காதீர்கள் என்று சொல்லவும் இல்லை. அது அவர் முடிவு.

சங்கத் தலைவர் பதவியிலிருந்து அவரை நீக்கிவிட்டுச் சாமிநாதனை வைத்தார்கள். சாமிநாதன் நேராக என்னிடம் வந்தார். இங்கிலீஷ் தெரிந்த ஆள்தான் கமிட்டிக்கு வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டாவது முறை வந்து கேட்டபோது ஒத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் மனைவி மங்களம் மாமி இறந்துபோனார். ரொம்ப நாளாக நோயாளி. டாக்சிக்காரர் வீட்டுச் சாவு என்றால் சங்கத்து வண்டிகள் எல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டு சவ வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போகும். எப்பேர்ப்பட்ட பகையாக இருந்தாலும் போகும். தங்கா பத்து என்ற ஊரில் இருந்த வீட்டிலிருந்து மாமி கிளம்பியபோது பின்னால் ஒரு டாக்சிகூட இல்லை. நான் என் காரில் விளக்கைப் போட்டுக்கொண்டு போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்திதாம்மா வந்த" என்று அழுதார். வந்திருக்க வேண்டியவள்தானே நான்.

காரியம் முடிந்த பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "வெவரம் தெரியாம கை தூக்கிட்டாருன்னு அவனுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லும்மா. ஒன்மேல எதுவும் வராது. எங்காதுல சரியா விழலன்னே சொல்லு. நான் போறப்பவாவது நாலு வண்டி வரட்டும்."

சொல்கிறேன் மாமா என்றேன்.

நேற்று சாமிநாதன் எல்லாரையும் மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தார். மாமா தூணோரம் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் தேநீர் நீட்டவில்லை. என்ன சொல்வது என்று வீட்டில் தலை சீவும்போதே முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். கோபத்தில் செய்யவில்லை என்பது தெரியட்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

"ஒனக்குத்தாம்மா தெரியும்" என்றார் சாமிநாதன். "தெரிஞ்சு தூக்குனாரா, தெரியாம தூக்குனாரா? தெரியாமன்னா சொல்லிடு. பழச மறந்துருவோம். நம்ம ஆளுதான?"

"தெரியும்" என்றேன். "வரிவரியா படிச்சு நாந்தான் சொன்னேன். புரிஞ்சுதான் தூக்குனாரு."

யாரோ காறித் துப்பினார்கள். நிவேந்திரன் மாமாவிடம் போய் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "இப்ப என்ன சொல்றீங்க தலைவரே?" என்றான்.

மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லை. எங்கேயோ வழி தவறிவிட்டவர் மாதிரி பார்த்தார். பிறகு, "புள்ளைய ஒண்ணும் கேக்காதீங்க" என்றார். "அது படிச்ச புள்ள. அது சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஞாபகம் இல்ல போலருக்கு."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் சத்தம் பெரிதானது. நான் திரும்பவில்லை. வீரமுத்து மாமாவை ஒன்றும் தெரியாத மனிதர் என்று யாரும் பரிதாபப்பட்டுவிடக் கூடாது. அவருடைய மரியாதையை நினைத்துப் பார்க்க அந்த மண்டபத்தில் என்னைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?