வலப்பக்கக் காயம்

ஹெல்மெட் போடுவது நல்ல பழக்கம்தான், இன்ஸ்பெக்டர். ஆனால் அதைக் கட்டாயமாக்கிய பிறகு எனக்கு நோயாளிகள் குறைந்துபோனார்கள். தலையில் பலத்த அடிபட்டவர்களின் மூளையைக் காப்பாற்ற ஒரு மயக்க மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு உப்புத் தண்ணீர். எந்தக் குப்பியில் எது என்பது கம்பெனிக்கு மட்டுமே தெரியும். இன்னொரு நோயாளி கிடைக்காவிட்டால் சோதனையை மூடிவிடுவோம் என்றார்கள்.

அன்று மதியம் ஆன்ட்ரூஸ் வந்தார். புதுக்கடைச் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் வழியில் வண்டி சறுக்கி விழுந்திருந்தார். தலையின் இடப்பக்கம் சின்னக் காயம். நானே தையல் போட்டேன். அவர் மனைவி வியாகுலம்மாள் கோயில் விளக்கு எண்ணெயை அவர் தலை முழுக்கத் தடவி ஜெபித்தாள். கடற்கரைக்காரர்களின் வழக்கம் அது, நான் தடுக்கவில்லை.

"சாரே, வீட்டுக்கு விடுவியளா? மீனு கெட்டுப் போவும்" என்றார் ஆன்ட்ரூஸ்.

இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரைச் சோதனையில் சேர்க்க முடியாது.

வியாகுலம்மாளைக் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு, ஒரு குப்பியை உடைத்து ஊசி போட்டேன். மருந்துக் குப்பிதான் என்று மனம் சொன்னது. அவருக்கு வலிக்கக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பிறகு ஆக்ஸிஜன் சிலிண்டர் ஸ்பானரால் வலப்பக்கம் அடித்தேன். இடப்பக்கத் தையலைக் கெடுக்க மனம் வரவில்லை. எலும்பு நொறுங்கியது. அவர் கண்கள் திறந்தே இருந்தன.

"எதுக்கு சாரே?" என்று கேட்டு என் கையைப் பிடித்தார்.

மருந்து பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும் என்று நினைத்து, இன்னும் இரண்டு முறை அடித்தேன். காதிலிருந்து ரத்தம் வந்தது. பிடி தளர்ந்தது.

கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்றேன். வியாகுலம்மாள் நம்பி, சோதனைக்குச் சம்மதக் கையெழுத்தும் போட்டாள். மறுநாள் ஆன்ட்ரூஸ் இறந்தார். தலைக்கட்டைப் பிரித்துக் கடைசியாக எண்ணெய் தடவியபோது, வலப்பக்கம் மூன்று பள்ளங்களைத் தொட்டு அவள் கை நின்றது.

"நேத்து நான் தடவினப்போ இந்தப் பக்கம் ஒண்ணுமில்லியே. விழுந்தா மண்டை ஒரே எடத்துல மூணு தடவ பொட்டுமா, சாரே?"

அங்கிருந்து நேரே அவள் உங்களிடம் வந்தாள்.

மருந்து கொடுத்தும் செத்துவிட்டாரே என்ற வருத்தம்தான் இத்தனை நாளும் என்னைத் தின்றது. இன்று கம்பெனியில் கேட்டு, அந்தக் குப்பியில் இருந்தது உப்புத் தண்ணீர் என்று சொன்னீர்கள். நான் அழுதேன். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள், நன்றி. நிம்மதியில்தான் அழுதேன். என் மருந்து தோற்கவில்லை.