பெயர்கள் இருக்கவேண்டிய பக்கம்

மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ். என் முன் சீட்டில் மடிக்கணினியோடு ஒரு இளம்பெண்ணும், தேயிலைத் தோட்டத்து அம்மா ஒருவரும்.

"மண்சரிவுல செத்தவங்க பேரெல்லாம் கையெழுத்துக்குக் கீழ போயிருச்சு அக்கா," என்றாள் இளம்பெண்.

"எப்படிப் போகும்?"

"வீடு கேட்டு மனு அடிச்சப்போ பேர் அட்டவண மனு நடுவுலதான் இருந்துச்சு. பிடிஎஃப்பா மாத்தினதும், எடம் பத்தலன்னு அதுவா கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிருச்சு. ஆபீஸ்ல கையெழுத்து வரைக்கும் பார்த்துட்டு, பேரே இல்லன்னு திருப்பிட்டாங்க."

"இப்ப?"

"அட்டவண எழுதின எடத்துலயே நிக்கணும்னு கம்ப்யூட்டருக்கு ஒரு கட்டள வரி சேர்த்துட்டேன். இனி நகராது."

அவள் நீட்டிய புதுப் பிரதியை அந்த அம்மா வாங்கினார். "என் வீட்டுக்காரரும் மகளும் எங்க இருக்காங்க?"

"இங்க பாருங்க, அடுத்தடுத்த வரியில."

ஜன்னல் வழியே சாரல் அடித்தது. அவர் அந்த இரண்டு வரிகளையும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். பதுளை வரும்வரை கையை எடுக்கவில்லை.