பிக்கட்டிக்குத் தெளிவாகக் கேட்டது

அன்று பனி காலையிலேயே இறங்கியதா, சாப்பாட்டுக்குப் பிறகா என்று சரியாக நினைவில்லை. வசந்த்குமார் சிரித்துக்கொண்டே சொன்னானா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. சிரித்தான் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். அதை மட்டும் அடித்துவிடுங்கள்.

வெளிநாட்டு லாரி டிரைவர்கள் ஒரு காலத்தில் பேசிக்கொண்ட சி.பி. ரேடியோக்களை வாங்கிப் பழுது பார்ப்பது என் வழக்கம். கடைசியாக வந்த செட்டில் பேச்சு நடுவில் அறுந்துபோகும். கண்டென்சர்களை மாற்றினேன். பற்றவைத்த இடங்களை மறுபடி பற்றவைத்தேன். காயில்களுக்குள் திருகாணி போல் சிறு கோர்கள் இருக்கும்; மயிரிழை மயிரிழையாகத் திருப்பித்தான் குரலைப் பிடிக்க வேண்டும். பிடித்து, மெழுகு வைத்து அடைத்திருந்தேன். பிக்கட்டியில் இதே பைத்தியம் பிடித்த செல்லதுரை, அந்த ஞாயிறு நான்கு மணிக்கு அழைப்பதாக ஏற்பாடு. பதினொரு மாதத்தில் ரேடியோவில் நாங்கள் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை.

வசந்த்குமார் என் மனைவி வேலாமணியின் தம்பி. கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்கள் பெர்ன்ஹில் வீட்டில் தங்கியிருந்தான். நான் குளித்துவிட்டு வந்தபோது செட் திறந்து கிடந்தது. அவன் கையில் ஸ்க்ரூடிரைவர்.

"உள்ள திருகாணியெல்லாம் ஆடிக்கிட்டுக் கெடந்துச்சுங்க மாமா. நல்லா இறுக்கி உட்டுட்டேன். இனி உங்க பிக்கட்டிக்காரரு தப்பிக்க முடியாதுங்க."

இறுக்கினால் கோர் உடையும். மேசைமேல் இருந்த டிரான்ஸ்பார்மரை எடுத்து அவன் காதுக்கு மேல் அடித்தேன். நாலு கிலோ இருக்கும்.

"ஏனுங்க மாமா?" என்றான். அப்போதும் மரியாதை குறையவில்லை.

அடுத்த அடியில் பற்கள் தெறித்தன. பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் அடிகளை எண்ண முடியவில்லையாம். நான் எண்ணினேன். பதினாறு. காயில்களும் பதினாறு.

கையைக் கழுவிவிட்டு செட்டுக்குள் பார்த்தேன். மெழுகு ஒன்றுகூட உடையவில்லை. அவன் இறுக்கியது, சர்க்யூட் பலகையைத் தகரப் பெட்டியோடு சேர்க்கும் ஐந்து திருகாணிகளை. எர்த் அவற்றின் வழியாகத்தான் போகிறது. அவை லூசாக இருந்ததுதான் நான் தேடிக்கொண்டிருந்த பழுது.

நான்கு மணிக்குச் செல்லதுரை ரேடியோவில் வந்தார்.

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்குதுங்க நாச்சிமுத்து. என்னங்க பண்ணுனீங்க?"

"திருகாணி லூசுங்க," என்றேன்.

மைக் பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் வேலாமணி மார்க்கெட்டிலிருந்து வந்துவிட்டாள். அவள் அலறியது பிக்கட்டியில் தெளிவாகக் கேட்டதாம்.

எதை இறுக்கினான் என்று அவன் சொல்லியிருந்தால் நான் காது கொடுத்துக் கேட்டிருப்பேன். நான் பொறுமையான ஆள்.

வசந்த்குமாரைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். வேலாமணி அங்கேயே தங்கிவிட்டாள். என்னைப் பார்க்க வருவதில்லை. செல்லதுரை முதல் சாட்சி. நான் சிறையில் இருக்கிறேன். செட் கோர்ட்டில் சீல் வைத்து இருக்கிறது. அதில் இப்போது எந்தப் பழுதும் இல்லை.