இரு பக்கமும் விழுந்த நிழல்

தோளில் மாட்டும் ஒரு பட்டையை வரைவதற்கு முன் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பார்க்கிறவருக்கு முன்பக்கம் மட்டும்தான் தெரியும். ஆனால் முதுகுப்பக்கம் அது எந்த வளையத்தில் கோத்திருக்கிறது என்று வரைகிறவனுக்குத் தெரியாவிட்டால் முன்பக்கமும் பொய்யாகத்தான் வரும். என் பிழைப்பே அப்படிப்பட்டது. மின்விசிறியோ தையல் இயந்திரமோ வாங்கினால் கூடவே ஒரு சின்னப் புத்தகம் வருமே, எந்தத் திருகை எந்த ஓட்டையில் முடுக்குவது என்று படம் போட்டு, அந்தப் படங்களை வரைகிறவன் நான். யாரும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை. எல்லாம் பூட்டி முடித்த பிறகு ஒரு திருகு கையில் மிஞ்சும்போதுதான் குப்பைத்தொட்டியில் தேடுவார்கள்.

அவசரப்படாதீர்கள், அந்தப் பெண்ணிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன். இது புரியாமல் அது புரியாது.

வேலை முடிந்து வந்தால் எனக்கென்று ஒருவனை வரைவேன். கடலில் மூழ்கிய கோட்டை ஒன்றின் வாயிற்காவலன். ஒரே சிறகு. மார்புக்கவசத்தில் உள்ள ஒவ்வொரு கொக்கியும் நிஜமாகவே பூட்டித் திறக்கக்கூடியது. தகரம் வாங்கி வந்தால் செய்துவிடலாம். என்னைப் போலச் சொந்தமாக மாய உலகத்து மனிதர்களை வரைகிறவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக இருந்தோம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். என் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அதை நான் வைத்துக்கொள்ளவில்லை, அவர்கள் வைத்தது.

ஏஐ போட்ட படங்களைத் தாங்களே வரைந்ததாகச் சொல்லிச் சிலர் கொண்டுவர ஆரம்பித்தபோது, கண்டுபிடித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. அது ஒன்றும் வித்தையில்லை. விரல்களை எண்ணுவது பழைய முறை. இப்போது மெஷின் விரலைச் சரியாகப் போட்டுவிடுகிறது. நான் பார்ப்பது பட்டையையும் நிழலையும். மெஷின் கோடிக்கணக்கான பட்டைகளைப் பார்த்திருக்கிறது, ஒன்றைக்கூடத் தோளில் மாட்டியதில்லை. அதனால் அது வரையும் பட்டை தோள்வரை வரும், கூந்தலுக்குள் போகும், மறுபக்கம் வெளியே வராது. நிழலும் அப்படித்தான். ஒரு விளக்கு இருந்தால் நிழல் ஒரு பக்கம் விழ வேண்டும். மெஷினுக்கு விளக்கு கிடையாது. எங்கே வெளிச்சம் போட்டால் அழகோ அங்கே போடும். நிழல் இரு பக்கமும் விழும்.

"ஊர்ல இருக்கற படத்துக்கெல்லாம் நீங்கதான் டாக்டரா? வீட்ல குழாய் ஒழுகுது, அதுக்கு என்ன வியாதின்னு கொஞ்சம் பாருங்களேன்" என்பாள் என் மனைவி. குழாயையும் நான்தான் சரி செய்வேன். உள்ளே ஒரு ரப்பர் வளையம் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

என் தீர்ப்பு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. யாராவது மறுத்தால் படத்தைப் பெரிதாக்கி, தவறு இருக்கும் இடத்தை வட்டமிட்டுப் போடுவேன். கோபப்பட மாட்டேன். நத்தை என்று ஒரு கல்லூரிப் பையன் இருந்தான். அவனுடைய குதிரைவீரனிலும் இதே இரண்டு குறைதான்: காற்றில் முடியும் பட்டை, இரட்டை நிழல். சொன்னேன். குழுவில் எல்லோரும் அவனை வறுத்தெடுத்தார்கள், நான் அதில் சேரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவன் விடுதி மாடியிலிருந்து குதித்துவிட்டான். அவனுடைய அக்கா எனக்கு எழுதினார், "அவன் கையாலதான் வரைஞ்சான்" என்று. அந்தக் குதிரைவீரனின் தோளைப் பெரிதாக்கி, மரியாதையாக அவருக்கு அனுப்பிவைத்தேன். துக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெளிவு ஒரு ஆறுதல்.

அதற்குப் பிறகு வந்தவள்தான் ஆந்தை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கடலுக்கு அடியில் விளக்கு ஏந்தி நடக்கும் ஒரு கிழவியை வரைந்து போட்டாள். தோளில் ஒரு பை, அதில் மீன்கள் உறங்கும். குழுவே சொக்கிப்போனது. ஒரு பதிப்பகம் அதைக் குழந்தைகள் புத்தகமாகப் போடுவதாகச் சொன்னது. நான் பார்த்தேன். பையின் பட்டை தோளில் பாதியில் நின்றது. கிழவிக்கு இரண்டு நிழல். எழுதினேன். பதிப்பகம் பின்வாங்கிவிட்டது. பொறாமை என்று உங்கள் உதவியாளர் சொன்னார். என் காவலனை எந்தப் பதிப்பகமும் கேட்டதில்லை என்பது உண்மைதான். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்களே வந்து பாருங்கண்ணா. உங்க முன்னாடி வரைஞ்சு காட்டறேன். அப்புறம் நீங்க ஒரு வரி எழுதினாப் போதும், அவங்க புத்தகத்தப் போட்டுடுவாங்க" என்று கெஞ்சினாள். நியாயமான கோரிக்கை. ஒரு விடுமுறை நாள் மதியம் போனேன்.

கதவைத் திறந்தவர் அவளுடைய அப்பா. காது மந்தம். டிவி தெரு முழுக்கக் கேட்டது. "வாங்க தம்பி, நீங்கதான் அந்தப் பூதமா?" என்றார்.

"பூதக்கண்ணாடிப்பா" என்று உள்ளேயிருந்து அவள் கத்தினாள்.

"அதான், அதான். பூதத்துக்குக் கண்ணாடி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. உள்ள போங்க."

சின்ன அறை. ஜன்னலை ஒட்டி மேசை. மேசைமேல் கைப்பிடியை அழுத்தித் தாள் வெட்டும் பேப்பர் கட்டர், களிமண் தேய்க்கும் கல் உருளை, மண் கரைத்த வாளி ஒன்று கீழே. நடுவில் சாண் உயரத்துக்கு ஒரு பொம்மை. கம்பியில் களிமண் பூசிச் செய்த கிழவி. கையில் விளக்கு, தோளில் துணிப்பை.

"இவங்களப் பாத்துதான் வரையறேன். மனசுல நெனச்சு வரைய எனக்கு வராதுண்ணா, அதனால முதல்ல செஞ்சுடுவேன்" என்றாள். பொம்மையை முதுகுப்பக்கம் திருப்பினாள். "பட்டை எங்க போகுதுன்னு கேட்டீங்கல்ல? எங்கயும் போகல. தோள்ல பசை போட்டு ஒட்டிட்டேன். துணி பத்தல."

நிழலைக் கேட்டேன். சிரித்தாள். மேசைக்கு எதிரே பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி பொம்மையின் மறுபக்கம் விழுந்தது. அவள் பீரோ கதவைத் திருப்பினாள். ஒரு நிழல் அழிந்தது. மறுபடி திருப்பினாள், அது வந்து உட்கார்ந்தது. எவ்வளவு எளிமையான ஏற்பாடு. மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறதென்று தெரியும்போது வருகிற சந்தோஷம்.

பிறகு உட்கார்ந்து வரைந்தாள். கோடு தயங்கவே இல்லை. தாளில் அதே கிழவி எழுந்து வந்தாள், அதே பாதிப் பட்டையோடு, இரு நிழலோடு.

நான் பொறுமையாக விளக்கினேன். படம் முதலில் வந்திருக்கலாம், அதைப் பார்த்துப் பொம்மை செய்திருக்கலாம். பீரோ நகர்த்தக்கூடிய பொருள். மெஷின் போட்டதையே பார்த்துப் பழகினால் யார் கையும் அப்படி வரையும்.

அவள் பென்சிலைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தாள். "நத்தைகிட்டயும் இப்படித்தான் பேசினீங்க" என்றாள். "அவனும் பொம்மை செஞ்சுதான் வரைவான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். பொம்மையத் தூக்கிட்டு இங்க வந்து, இதே மேசைலதான் அந்தக் குதிரையப் போட்டான். ஒண்ணு மட்டும் சொல்லுங்கண்ணா, அவன் அக்காவுக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" இடது கையால் போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். ஆந்தை கையால் வரைந்தவள் என்றால் நத்தையும் கையால் வரைந்தவன். நத்தை கையால் வரைந்தவன் என்றால், அவனை மாடியிலிருந்து தள்ளியது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, அது நடந்திருக்க முடியாது. நான் யாரையும் துன்புறுத்தும் ஆள் இல்லை. ஆகவே ஆந்தை கையால் வரைந்தவள் இல்லை. கணக்கு சரியாகத்தானே வருகிறது?

கல் உருளையை எடுத்தேன். முதல் அடி காதுக்கு மேலே பட்டு வழுக்கிவிட்டது. அவள் எழுந்திருக்கப் பார்த்ததால் அப்படி. "அண்ணா" என்றாள், ஏதோ நான் மறந்துபோனதை நினைவூட்டுகிற மாதிரி. அடுத்த அடிகள் சரியாக விழுந்தன. உருளையின் எடை எல்லாம் நடுவில் இருப்பதால் நுனியைப் பிடித்து வீசினால்தான் வேகம் வரும். சுடாத ஓடு உடைவது போன்ற சத்தம். வெளியே டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். போனை வாளியில் போட்டேன்.

அவள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாள். வலது கை மட்டும் பென்சிலை விடவில்லை. பேப்பர் கட்டரின் கத்தி நேராக இருக்காது, லேசாக வளைந்திருக்கும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியை மட்டுமே தொடும், கனமான அட்டைக்கும் பெரிய பலம் தேவைப்படாது. கட்டைவிரல், பிறகு ஆள்காட்டி விரல். பென்சிலைப் பிடிப்பவை அவைதான். அப்போது அவளுக்கு உயிர் இருந்தது என்று உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். இருக்கலாம், கை இழுத்துக்கொண்டது. ஒரு பொருள் தப்பாக வேலை செய்தால் எந்தப் பாகம் என்று பார்த்துக் கழற்ற வேண்டும். நான் அந்த முறையில் பழகியவன்.

கையைத் துடைத்துக்கொண்டு, சட்டையை மறைக்க என் பையை மார்போடு அணைத்து வெளியே வந்தேன். அப்பா டிவியிலிருந்து தலையைத் திருப்பினார். "முடிஞ்சுதா தம்பி? ஒத்துக்கிட்டீங்களா? பாவம், அதுலேர்ந்து சரியாவே சாப்பிடல அவ."

"முடிஞ்சுதுங்க ஐயா" என்றேன், அவர் காதுக்கு எட்டும்படி.

"வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க." சொம்பு நிறையக் கொடுத்தார். குடித்தேன். நல்ல மனிதர்.

பேருந்தில் உட்கார்ந்ததும் குழுவில் எழுதினேன்: "ஆந்தையின் வீட்டுக்குப் போய் நேரில் பார்த்தேன். என் முடிவில் மாற்றமில்லை." நிறையப் பேர் நன்றி சொன்னார்கள்.

ஆம், நான்தான் அவளைக் கொன்றேன். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த அறையில் எடுத்ததாகச் சொல்லி நீங்கள் எனக்குக் காட்டிய புகைப்படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பிறகு உங்களுக்குத்தான் தலைகுனிவு. மேசை இழுப்பறை திறந்திருக்கிறது, உள்ளே கட்டுக்கட்டாகப் பழைய தாள்கள், பள்ளிக்கூட வயதிலிருந்து அவள் வரைந்தவை என்கிறீர்கள். மேலாக நத்தையின் குதிரைவீரன், பென்சிலில், பாதி வரைந்தபடி. உங்களை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். மேசைமேல் நிற்கும் பொம்மையின் பட்டை தோளோடு நின்றுவிடுகிறது. எந்தப் பொருளை எடுத்தாலும் நிழல் இரு பக்கமும் விழுகிறது. அப்படி ஓர் அறை இருக்கவே முடியாது. மெஷின் போட்டது. அவள் கையில் மூன்று விரல்தான் இருக்கிறது, அதை மட்டும் நான் குறையாகச் சொல்லவில்லை, அது சரியாக இருக்கிறது. விரல்களைத் தவிர அந்தப் படத்தில் எதுவும் நிஜமில்லை.