போஸ்டரில் மந்திரவாதி

ஹலோ... ஹலோ, மச்சான்? அச்சு மெஷினை நிறுத்துய்யா, ஒண்ணும் கேக்கல... நான்தான், உன் அக்கா புருஷன்... ஆமா, ஆமா, போஸ்டர் வந்துச்சு. ஊர் பூரா ஒட்டியாச்சு. அதுக்குத்தான் கூப்பிடறேன். நான் என்னன்னு எழுதிக் கொடுத்தேன்? மாயாஜாலக் கலைஞர்னு. நீ என்ன அடிச்சே?... மந்திரவாதி... என்னது, இடம் பத்தலையா? எழுத்து பெருசாத் தெரியட்டும்னு மாத்தினியா?... ரெண்டும் ஒண்ணுதானா? அட போய்யா! நான் மேடையில புறா எடுக்கறவன். டிக்கெட் வாங்கறவன் ஏமாறத்தான் வர்றான், கைதட்டிட்டுப் போறான். மந்திரவாதின்னா பேய் ஓட்டறவன், சூனியம் எடுக்கறவன்!... சிரிக்காதே. சிரிக்காதேங்கறேன்ல?

வாசல்ல கூட்டம்யா. காலையில ஒருத்தர், ஓடிப்போன மருமகளை வரவழைச்சுக் கொடுங்கறார்... அதை விடு. இப்ப ஒரு பொம்பளை, கைக்குழந்தையோட... ஆமா, நம்ம கூடத்துலதான் உக்காந்திருக்கா. குழந்தைக்கு உடம்பு அனலாக் கொதிக்குது... சொல்லாம இருப்பேனா? ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு கால்ல விழாத குறையாச் சொல்லிட்டேன். "நீங்க மந்திரிச்சு விடுங்க சாமி"ங்கறா...

வித்தையைப் பிரிச்சுக் காட்டிப் புரிய வைக்கணுமா? அதையும் பண்ணிட்டேன்! எல்லாம் கைவித்தைம்மான்னு சட்டைக் கையை மடிச்சு, கைக்குட்டை எங்கே ஒளியுதுன்னே காட்டிட்டேன். உன் அக்காவுக்கே காட்டினதில்ல... அவ கையெடுத்துக் கும்பிடறா மச்சான்!

உன் அக்காவா? வண்டியைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிக்கறா. இவ ஏற மாட்டேங்கறா... என்னது?... மந்திரவாதியாவே சொல்லவா? சீ, அது பாவம்யா... வேற வழி?... சரி. சரி, இரு. வச்சுடாதே.

இந்தாம்மா! இங்கே பாரு. மந்திரவாதி சொல்றேன். இதைப் பிடிச்சிருக்கறது ஊசிக்குத்தான் அடங்கும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு!

மச்சான்... எழுந்துட்டா. குழந்தையைத் தூக்கிட்டா... என்ன சந்தோஷம் உனக்கு? முழுசாக் கேளு. என் சட்டையைப் பிடிச்சிட்டு நிக்கறா. நானும் கூட வரணுமாம்... போய் என்ன பண்ணுவேனா? டாக்டர் பக்கத்துல கையைக் கட்டிட்டு நிப்பேன், வேறென்ன... குழந்தைக்குக் கண்ணு சொருகுது மச்சான். ஏதாவது ஆச்சுன்னா அவ டாக்டரைக் கேக்க மாட்டா. என்னைத்தான் கேப்பா. எனக்கு பயமா இருக்குய்யா...

வர்றேம்மா, வர்றேன்... வை மச்சான், வை.