கிடை கிடந்த இடம்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற பேருந்தில், என் முன்னிருக்கையில் ஒரு பெண் போலீஸும் ஓர் ஆட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆடு களவுபோன ஊருகளே தப்பு, அண்ணாச்சி" என்றார் அந்தப் பெண்.

நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"புகார் குடுத்தவரோட சொந்த ஊரத்தான் எழுதி வச்சிருந்தோம். மேப்புல ஊசி குத்திப் பார்த்தா மூலைக்கு ஒண்ணாக் கெடந்துச்சு. ஒண்ணும் பிடிபடல."

"நாங்க எங்க தாயி ஊருல இருக்கோம்? உரத்துக்கு ராத்திரி புஞ்சையில ஆட்ட அடைச்சு, கிடை போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போறோம்."

"அதான்! களவு நடந்த அன்னைக்கு யாரு புஞ்சையில கிடை போட்டிருந்தாவன்னு ஒவ்வொருத்தருகிட்டயும் கேட்டு, ஊசிய மாத்திக் குத்துனேன். அம்புட்டும் ஒரே ரோட்டோரமா வந்து நின்னுருச்சு! அந்த ரோட்டுலயே ஒளிஞ்சு கெடந்தோம். நேத்து களவாணிப் பயலுவ ஆடும் வேனுமா மாட்டிக்கிட்டானுவ."

"அதுல எங்க ஆடு இருக்குமா தாயி?"

"நீங்கதான் பார்த்து அடையாளம் சொல்லணும்."

விளாத்திகுளம் ஸ்டேஷன் அருகே பேருந்து வேகம் குறைந்தது. ஆட்டுக்காரர் ஜன்னலில் தலையை நீட்டி, நாக்கை மடித்து, "ட்ரியோ!" என்று கூப்பிட்டார். ஸ்டேஷன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஏழெட்டு ஆடுகள் ஒருசேரக் கத்தின.

அந்தப் பெண் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அதுகளே உங்கள அடையாளம் சொல்லிருச்சு, அண்ணாச்சி. வாங்க, இறங்குவோம்!"